ஸ்கோர் ஃபோர்: கடைசிக் குச்சியில் மாட்டுவது யார்?

“ஸ்கோர் ஃபோரில் முதல் மணி போடுபவரே அடிக்கடி ஜெயிக்கிறாரே, ராசியா?” என்று ஒரு வாசகர் கேட்கிறார். ராசிக்கு இங்கே வேலையில்லை. எல்லாம் ஒற்றை, இரட்டைக் கணக்கு.

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆட்டம் இது. சதுரப் பலகையில் வரிசைக்கு 4 வீதம் 16 உலோகக் குச்சிகள். குச்சிக்கு 4 மணி கொள்ளும். ஆளுக்கு ஒரு நிறத்தில் 32 மணி. மாறி மாறிக் கோக்க வேண்டும். நிமிர்ந்தோ படுத்தோ சாய்ந்தோ ஒரே நேர்கோட்டில் தன் மணி நான்கைச் சேர்த்தவர் வென்றார். பழைய பெட்டி கிடைத்தால் முதலில் மணிகளை எண்ணிவிடுங்கள். மாற்று மணி போடும்போது உயரம் பார்க்க வேண்டும். தடித்த மணி ஒன்று அடியில் போனாலே அந்தக் குச்சியின் அடுக்குகள் மற்றவற்றோடு ஒட்டாமல் போகும், சாய்கோடு கண்ணில் படாது. வளைந்த குச்சியும் இதே வம்புதான்.

வெற்றிக் கோடுகள் மொத்தம் 76. விரல்விட்டு எண்ண வேண்டாம். 4×4×4 கனசதுரத்தின் மேல் எல்லாப் பக்கமும் ஒரு கட்டத் தடிமனில் போர்வை போர்த்தினால் 6×6×6 ஆகும். எந்தக் கோட்டை நீட்டினாலும் போர்வையில் இரண்டு கட்டங்களைத் தொடும். ஒரு கட்டத்தை ஒரே கோடுதான் தொடும். ஆக (216−64)÷2 = 76. மூலை இடங்கள் 8, உள்நடு இடங்கள் 8. இவை ஒவ்வொன்றும் 7 கோடுகளில் பங்குகொள்ளும். மற்ற 48 இடங்களுக்குத் தலா 4 கோடுதான். உள்நடு இடங்கள் 2, 3ஆம் அடுக்கில் இருப்பதால், நடுக்குச்சியில் அவசரப்பட்டு அடி மணி போடுவது எதிராளிக்குப் படி கட்டிக் கொடுப்பதே.

மணி மிதக்காது, அடியிலிருந்துதான் ஏறும். ஆட்டத்தின் உயிர் இதில் இருக்கிறது. ஒரு குச்சியின் 3ஆம் அடுக்கில் மணி விழுந்தால் முதல் ஆட்டக்காரருக்கு நான்கு சேரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடம் அவர் வைத்த பொறி. இரண்டாமவர் அங்கே 2ஆம் அடுக்கைத் தொட மாட்டார். மற்ற 15 குச்சிகளும் நிரம்பினால் 60 மணி. அடுத்த முறை முதலாமவருடையது. அவர் 1ஆம் அடுக்கில் போடுவார், வேறு வழியின்றி இரண்டாமவர் 2ஆம் அடுக்கில் போடுவார், 3இல் ஆட்டம் முடிந்தது. அதே கணக்கில் இரண்டாமவருக்கு 2, 4ஆம் அடுக்குப் பொறிகள் பலன் தரும்.

இருவரும் வெவ்வேறு குச்சிகளில் பொறி வைத்திருந்தால்? 14 குச்சிகள் நிரம்பியதும் முதலாமவர் தன் பொறிக் குச்சியில் 1 போடுகிறார். இரண்டாமவர் அங்கே 2 போட்டால் தோல்வி; தன் குச்சிக்கே ஓட வேண்டும். அங்கே 1ஐ அவரே போட நேர்வதால் அடுக்குகளின் முறை புரண்டுவிடும், அவருடைய 2ஆம், 4ஆம் இடங்கள் முதலாமவர் கைக்குப் போய்விடும். ஒரே குச்சியில் இரண்டு பொறியும் இருந்தால் மட்டும் கீழே இருப்பதே முந்தும்.

மணியை எந்த அடுக்கிலும் நேரடியாக வைக்கலாம் என்ற க்யூபிக் ஆட்டத்துக்கும் இதே 76 கோடுகள். சரியாக ஆடினால் அதில் முதலாமவரே வெல்வார் என்று 1980இல் கணினியியலாளர் ஓரன் பட்டாஷ்னிக் சுமார் 1,500 மணி நேரக் கணினி வேலையில் காட்டினார். விளையாட்டுக்கா இத்தனை செலவு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பெருந்தேடலைச் சுருக்கும் உத்திகளைச் சோதிக்க இதைவிடச் சுத்தமான களம் கிடைக்காது என்பேன். ஆனால் அந்த நிரூபணத்தை ஸ்கோர் ஃபோருக்கு அப்படியே இழுக்க முடியாது: அங்கே வேண்டிய இடத்தில் உடனே மணி வைக்கலாம், இங்கே அதற்குக் கீழே மணி இருந்தாக வேண்டும்.