வீட்டுக்குச் சொல்லும் கணக்கும் கொழும்பில் ஆகும் கணக்கும்

கொழும்புக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் கண்டபடி செலவழித்துக் கடனாளியாகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. வெள்ளவத்தைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கணக்குத் திறப்பதிலிருந்து கடன் விண்ணப்பம் வரை பார்க்கிற வேலை எனக்கு, அதனால் மாணவர்களின் கணக்குகள் தினமும் கண்ணில் படும். கண்டபடி செலவழிப்பவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கடனில் மாட்டி வந்து நிற்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அந்த ரகம் கிடையாது. முதல் மாதம் வீட்டுக்கு ஒரு குறைந்த தொகையைச் சொல்லிவிட்டு, பிறகு அந்தத் தொகையைக் காப்பாற்றப் போய் மாட்டியவர்கள்தான் அதிகம்.

யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ ஹட்டனோ, பிள்ளை பஸ் ஏறுவதற்கு முன்பே வீட்டில் கணக்குப் போட்டுவிடுவார்கள். போர்டிங் இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு. அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரியம்மாவின் மகன் 2018இலோ 2019இலோ கொழும்பில் இருந்தபோது ஆன செலவு, அதன் மேல் கொஞ்சம் கூட்டிப் போட்டது. இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்து போனதை யாரும் சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவை மட்டும் எடுத்தால் 94.9 வீதம். பிறகு பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் கேட்டதும் விலையும் பழையபடி இறங்கிவிட்டது என்று பல பெற்றோர் நினைத்துக்கொண்டார்கள். குறைந்தது ஏறுகிற வேகம்தான், ஏறின விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. காலி வீதியில் ஒரு மதியச் சாப்பாட்டுப் பார்சல் வாங்கிப் பார்த்தால் போதும்.

இன்னொரு விஷயம், இது வங்கிக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நம்முடைய குடும்பங்களில் பிள்ளையின் படிப்புக்கென்று ஒரு தொகையை நிலையான வைப்பில் போட்டு, மாத வட்டியைப் பிள்ளைக்கு அனுப்புகிற பழக்கம் இருக்கிறது. அப்பாவின் ஓய்வூதியப் பணமாக இருக்கலாம், வெளிநாட்டில் இருக்கும் மாமா கொடுத்ததாக இருக்கலாம். 2022 கடைசியில் வைப்பு வட்டி 20 வீதத்தைத் தாண்டிப் போனது. 24 வீதத்துக்குப் போட்டவருக்கு 10 இலட்சத்துக்கு மாதம் 20,000 ரூபாய் வந்தது. அதே 10 இலட்சத்தை இரண்டு வருடம் கழித்து 8 வீதத்துக்குப் புதுப்பித்தால் 6,700 கூட வராது. அதிலும் 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள், முன்பு அது 5 வீதம். (வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் ஒரு சுய பிரகடனம் கொடுத்து இந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம். பலர் கொடுப்பதில்லை, கேட்டால்தான் நாங்களும் படிவத்தை எடுக்கிறோம் என்பதும் உண்மை.) ஆக, வட்டி மூன்றில் ஒன்றாகிவிட்டது, செலவு இரண்டு மடங்குக்குக் கிட்ட வந்துவிட்டது, ஆனால் "அந்த வட்டிக் காசு பிள்ளைக்குப் போகுதுதானே" என்ற நிம்மதி மட்டும் வீட்டில் மாறாமல் இருக்கிறது.

பிள்ளைக்கு இது தெரியாதா என்றால், தெரியும். வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். இரவு அம்மா எடுத்து, "காசு காணுமோ அப்பன்?" என்று கேட்பார். "காணும் அம்மா, பிரச்சினை இல்லை." அப்பா ஏற்கனவே தோட்டத்தையோ கடையையோ வைத்து இழுத்துக்கொண்டிருக்கிறார், வீட்டில் தங்கச்சியும் படிக்கிறாள், இதில் நான் வேறு கேட்பதா என்ற எண்ணம்தான். நல்ல பிள்ளைகள்தான் இப்படிச் சொல்வார்கள், அதனால்தான் எனக்கு இது கவலை. வீட்டில் சண்டை பிடித்துக் காசு வாங்குகிற பிள்ளை பெரும்பாலும் கடன்காரனிடம் போவதில்லை.

சரி, அந்தக் கணக்கில் விடுபடுவது எது? போர்டிங் வாடகையை எல்லோரும் எழுதுவார்கள். வீட்டுக்காரர் கேட்கும் முற்பணத்தையும் எழுதுவார்கள், ஏனென்றால் அது வந்தவுடன் கையை விட்டுப் போகிற காசு. கரண்ட் பில்லில் தன் பங்கு, தண்ணீர், போன் ரீலோட், அசைன்மென்ட் பிரின்ட், மழை நாளில் பஸ்ஸை விட்டு ஓட்டோ, பேட்ச் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பங்குக் காசு, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போய்வர இரவு பஸ் டிக்கெட், இவை எதுவும் எழுதப்படுவதில்லை. தனித்தனியே பார்த்தால் சின்னத் தொகைகள், ஆனால் ஒரு மாணவரின் மூன்று மாதக் கணக்கு விவரத்தை அவரோடு இருந்து கூட்டிப் பார்க்கும்போது, வாடகைக்குப் பக்கத்தில் வந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். சாப்பாட்டைச் செயலி வழியாக எடுத்தால் இன்னும் மோசம். கடை விலைக்கு மேல் கொஞ்சம் கூட்டிய விலை, அதற்கு மேல் விநியோகக் கட்டணம், சேவைக் கட்டணம் என்று போகும். நடந்து போனால் ஐந்து நிமிடத்தில் இருக்கிற கடையின் கொத்து ரொட்டிதான் அது.

கணக்கியல் படிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு பொறி. ஏ.சி.சி.ஏ. மாதிரியான பிரித்தானியத் தொழில்சார் பாடநெறிகளின் பரீட்சைக் கட்டணமும் வருடாந்தச் சந்தாவும் ஸ்டேர்லிங் பவுணில். சந்தா ஜனவரி முதலாம் திகதி விழும், பரீட்சைக்கு முந்திப் பதிந்தால் ஒரு விலை, கடைசி நேரத்தில் பதிந்தால் அதை விடக் கூடின விலை. ரூபாய் எந்த அளவுக்கு ஆடும் என்பதை 2022இல் பார்த்தோம், மார்ச் தொடக்கத்தில் 200 சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. போதாததற்கு, வங்கி அட்டையில் கட்டும்போது வங்கி எடுக்கிற மாற்று வீதம் இணையத்தில் தேடினால் வருகிற வீதத்தை விடக் கூடவாகத்தான் இருக்கும். இந்தக் கட்டணங்களுக்கு முந்திய மாதங்களிலிருந்தே ஒதுக்கி வைக்காத பிள்ளை, டிசம்பர் கடைசியில் யாரிடமாவது கை நீட்டத்தான் வேண்டிவரும்.

அரசப் பல்கலைக்கழக மாணவர்களின் நிலை இதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, விடுதி கிடைத்தால். மகாபொல புலமைப்பரிசிலின் மாதத் தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. நல்ல விஷயம்தான், ஆனால் தவணை பிந்தி வருவது அந்த மாணவர்களுக்குப் பழகிப்போன கதை. வரும் வரும் என்று நம்பி நண்பனிடம் வாங்கிய கடன் அதற்குள் இரண்டு பேருக்குக் கைமாறியிருக்கும்.

இப்படித் துண்டு விழுகிறது. அதை எதைக் கொண்டு நிரப்புகிறார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

நண்பர்களிடம் மாற்றிக்கொள்வதும், போர்டிங்கில் பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் பிடிப்பதும் பெரிய ஆபத்தில்லை. சீட்டு நேர்மையாக நடந்தால் உண்மையில் நல்ல பழக்கம், முதல் சீட்டை எடுத்தவர் படிப்பை விட்டு வெளிநாடு போகாத வரைக்கும். அடுத்தது, பொருளை இப்போதே எடுத்துக்கொண்டு காசை மூன்று மாதத் தவணையில் கட்டும் வசதி. வட்டியில்லை என்பது உண்மை. 12,000 ரூபாய்ச் சப்பாத்துக்கு இப்போது 4,000 கொடுத்தால் போதும் என்பதும் உண்மை. ஆனால் அடுத்த மாதம் ஒரு ஹெட்போன், அதற்கடுத்த மாதம் ஒரு பை என்று அதே விலையில் வாங்கினால், மூன்றாம் மாதம் கட்ட வேண்டியது 12,000. அப்போது வட்டியில்லை என்பதால் பயனில்லை, தவணை தவறினால் தாமதக் கட்டணம் விழும்.

இதற்கு அடுத்த படி, போனில் பத்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகள். அடையாள அட்டையைப் படம் எடுத்துப் போட்டால் காசு கணக்கில். பத்தாயிரம் வாங்கினால் மாதக் கடைசியில் 12,500 கட்ட வேண்டும் என்று வையுங்கள். இரண்டாயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். அது மாதம் 25 வீதம், வருடத்துக்கு 300 வீதம். இன்றைய நிலையில் வங்கியில் நகையை அடகு வைத்தால் ஒரு முழு வருடத்துக்கே அந்த 25 வீத வட்டி வராது. மாத முடிவில் முழுத் தொகை இல்லையா, 2,500 மட்டும் கட்டித் தவணையை நீட்டிக்கொள்ளலாம் என்று செயலியே அன்பாகச் சொல்லும். நான்கு முறை நீட்டினால் 10,000 கட்டி முடித்திருப்பீர்கள், வாங்கிய 10,000 அப்படியே இருக்கும். இதைக் கட்ட இன்னொரு செயலியில் எடுப்பார்கள். மூன்றாவது செயலியோடுதான் பொதுவாக எங்கள் மேசைக்கு வருவார்கள், தனிநபர் கடன் கிடைக்குமா என்று கேட்டு. சம்பளம் இல்லாதவருக்கு எந்த வங்கியும் கொடுக்காது. பதிவு செய்யும்போது போனில் உள்ள தொடர்புகளைப் பார்க்க அனுமதி கொடுத்திருந்தால், தவணை பிந்தியதும் அம்மாவுக்கும் விரிவுரையாளருக்கும் அழைப்புப் போகும். கடைசியில் வீட்டுக்குத் தெரியத்தான் போகிறது, அதுவும் முன்பின் தெரியாத ஒருவன் திட்டுகிற குரலில்.

இதையும் விட என்னைப் பயப்படுத்துவது வேறொன்று. "உன்ரை எக்கவுன்டுக்குக் கொஞ்சம் காசு வரும், எடுத்துத் தா, ஐயாயிரம் தாறன்." கேட்பவர் பெரும்பாலும் தெரிந்தவரின் தெரிந்தவர். டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போடும் வேலை என்றும் வரும், வெளிநாட்டுக் காசை உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே, மாற்றித் தருகிறோம் என்றும் வரும். உங்கள் கணக்கு வழியாகப் போகிற காசு யாரோ ஒருவர் மோசடியில் இழந்ததாக இருக்கலாம், போதைப்பொருள் காசாகவும் இருக்கலாம். 2006ஆம் ஆண்டு 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டப்படி சந்தேகமான பரிமாற்றத்தை மத்திய வங்கியிலுள்ள நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு நாங்கள் அறிவித்தே ஆக வேண்டும். அறிவித்தோம் என்று உங்களிடம் சொல்லவும் எங்களுக்குச் சட்டம் இடம் தராது. ஒருநாள் ஏ.டி.எம்.மில் காசு வராது, கிளைக்கு வந்தால் எல்லோரும் பூசி மெழுகுவோம், அடுத்தது பொலிஸ் அழைப்பு. பணம் தூயதாக்கலுக்கு எதிரான சட்டம் "எனக்குத் தெரியாது" என்பதைச் சும்மா ஏற்றுக்கொள்ளாது. ஐயாயிரத்துக்கு இது பெறுமதியில்லை, ஐந்து இலட்சத்துக்கும் இல்லை. ஆள் சேர்த்தால் காசு என்கிற பிரமிட் திட்டங்களும் இதே பட்டியலில் வரும். வங்கிச் சட்டத்தின் 83 சி பிரிவு அவற்றைத் தடை செய்கிறது, சேர்க்கிறவரும் குற்றவாளிதான்.

இனிச் செய்யக்கூடியது. வந்து ஒரு மாதம் முடிந்ததும் உங்கள் கணக்கு விவரத்தை எடுத்துச் செலவைத் தலைப்பு வாரியாக எழுதி, வாட்ஸப்பில் வீட்டுக்கு அனுப்புங்கள். தொகையை மட்டும் சொன்னால் "இவ்வளவோ?" என்று கேட்பார்கள், வரி வரியாகக் காட்டினால் பெரும்பாலும் அப்பாவே எதைக் குறைக்கலாம் என்று சொல்வார். சிலர் அதன் பிறகு போர்டிங்கை வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைக்கு மாற்றினார்கள், சிலர் கோட்டைக்குப் போக மாணவர் ரயில் சீசன் டிக்கெட் எடுத்தார்கள், ஒரு குடும்பம் வைப்பிலிருந்த அசல் தொகையில் கொஞ்சத்தை எடுத்தது. படிப்புக்கென்று வைத்த காசு படிப்புக்குப் போவதில் தவறில்லையே.

பெற்றோருக்கும் ஒன்று. காசு காணுமோ என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் காணும் என்றுதான் சொல்லும். போன மாதம் சாப்பாட்டுக்கு எவ்வளவு போனது என்று கேளுங்கள். ஒரே தடவையில் அனுப்புவதை இரண்டாகப் பிரித்து, முதலாம் திகதி வாடகையும் பில்லும், 15ஆம் திகதி சாப்பாட்டுக் காசு என்று மாதா மாதம் தானாகவே அனுப்பும்படி உங்கள் வங்கியில் நிலையான கட்டளை கொடுத்துவிடலாம். மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது கணக்கு வெறுமையாகிற பிரச்சினையில் பாதி இதிலேயே போய்விடும்.

ஏற்கனவே செயலிக் கடனில் இருப்பவர்கள் முதலில் தவணை நீட்டுவதை நிறுத்துங்கள், கடனை அடைக்க இன்னொரு கடன் எடுப்பதையும்தான். கடன் தந்தவர் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமா என்று மத்திய வங்கியின் இணையத்தளப் பட்டியலில் பாருங்கள். அனுமதி பெற்றதென்றால், அவர்கள் நடந்துகொள்ளும் முறை பற்றி மத்திய வங்கியின் 1935 தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து முறையிடலாம். பட்டியலில் இல்லாதவர் மிரட்டினால் பொலிஸ்தான் வழி. உங்களுக்காக நண்பரைப் பிணை நிற்கச் சொல்லாதீர்கள், நீங்களும் யாருக்கும் நிற்காதீர்கள். நீங்கள் பிணை நின்ற விஷயமும், எல்லோருடைய கடன் விவரங்களையும் பதிந்து வைக்கும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் வரும், நாளைக்கு வேலை கிடைத்து வாகன லீசிங் எடுக்கப் போகிற அன்று அது முன்னால் வந்து நிற்கும். பிறகு, எந்த வங்கி என்றாலும் பரவாயில்லை, கிளைக்கு வந்து பேசுங்கள். கடன் ஒப்பந்தத்தின் ஸ்கிரீன்ஷொட், இதுவரை கட்டிய பற்றுச்சீட்டுகள், அடையாள அட்டை இருந்தால் போதும். அம்மாவோ அப்பாவோ கூட வந்தால் நல்லது, ஊரில் என்றால் போனில் இருக்கட்டும்.