முட்டி போட்டுப் பாருங்கள்

பள்ளிக்கூட வாசல் சாலையை ஆய்வு செய்யப் போனால் நான் முதலில் செய்யும் வேலை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் கூத்தாக இருக்கும். ஓரமாக நிறுத்தியிருக்கும் இரண்டு கார்களுக்கு நடுவே போய் முட்டி போட்டு உட்காருவேன். ஏதாவது தொலைந்துவிட்டதா என்று வாட்ச்மேன் ஓடி வருவார்.

ஆறு வயதுக் குழந்தையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, சாதாரண காரே கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் சாலை தெரியாது, கதவும் டயரும்தான் தெரியும். குழந்தைக்கு வண்டி தெரியாத இடத்தில் ஓட்டுபவருக்கும் குழந்தை தெரியாது. "திடீர்னு குறுக்கே வந்துடுச்சு சார்" என்று அவர்கள் சொல்வது பல நேரம் பொய்யே இல்லை. வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்க்கத்தான் அது இரண்டடி முன்னால் வந்திருக்கும்.

இதற்கு நாம் உடனே கையில் எடுப்பது குழந்தைக்கான பாடம். இரண்டு பக்கமும் பார், ஓடாதே, கையைப் பிடி. சரி, சொல்லிக்கொடுங்கள். ஆனால் வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கும் திறமை சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் வந்திருக்காது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவு எடுப்பார்கள், அதனால் தூரத்தில் பறந்து வரும் வண்டி அவர்களுக்கு ஆபத்தில்லாத வண்டி. இது வளர வளர வருவது. அதுவரை வண்டிதான் மெதுவாகப் போக வேண்டும்.

எவ்வளவு மெதுவாக? மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார், ஓட்டுபவர் பார்த்து, பிரேக் மிதித்து, முழுசாக நிற்க ஈரமில்லாத சாலையில் சுமார் 13 மீட்டர் ஆகும். 50 என்றால் சுமார் 28. முதல் கார் நின்றுவிட்ட அந்த 13 மீட்டரில், இரண்டாவது காரில் இருப்பவரின் கால் பிரேக்குக்கே போய்ச் சேர்ந்திருக்காது, அதே 50இல் மோதுவார். நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கும் இடத்தில் 30தான் உச்சம் என்று சாலைப் பாதுகாப்புக்கான உலக அமைச்சர்கள் மாநாட்டின் 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொன்னது சும்மா இல்லை.

போர்டு வைத்தால் மட்டும் வேகம் குறைந்துவிடாது. சாலை அகலமாக, நேராக இருந்தால் கால் தானாக அழுத்தும். ஜீப்ரா கிராசிங்கையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திவிட்டால் அதுவே வேகத்தடையாகிவிடும், குழந்தைக்கும் ஏறி இறங்கும் வேலை இல்லை. கிராசிங்குக்கு முன்னால் ஆறேழு மீட்டராவது பார்க்கிங் இருக்கக் கூடாது. ஒரே திசையில் இரண்டு வரிசை வண்டி ஓடும் சாலை எனக்கு எப்போதும் பயம்: முதல் வரிசைக்காரர் நல்ல மனதோடு நின்று குழந்தைக்குக் கைகாட்டுவார், பக்கத்து வரிசையில் வருபவருக்கு அந்தக் கார் மறைக்கும்.

இன்னொன்று, சொன்னால் கோபம் வரும். நான் பார்த்த வாசல்களில் கிராசிங் மேலேயே வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் பெற்றோர்தான், "ரெண்டே நிமிஷம்" என்று. அவர்கள் பிள்ளை பத்திரமாக உள்ளே போய்விடும், நடந்து வரும் பிள்ளை அந்த வண்டியைச் சுற்றி நடுரோட்டுக்குப் போகும்.

உங்கள் பள்ளிச் சாலைக்கு மனு எழுதுவதற்கு முன் ஒரு காலை அங்கே நில்லுங்கள். 50 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் சாக்பீஸ் கோடு, கையில் போன் ஸ்டாப்வாட்ச். அந்தத் தூரத்தை ஆறு நொடிக்குள் கடக்கும் வண்டி 30ஐத் தாண்டுகிறது, நாலு நொடி என்றால் 45. ஐம்பது வண்டிக்குக் குறித்துக்கொண்டு அந்தத் தாளையும் மனுவோடு இணையுங்கள். "வண்டிகள் வேகமாகப் போகின்றன" என்ற வரியை நாங்கள் தினமும் படிக்கிறோம், எண்களோடு வரும் மனுவை ஓரமாக வைப்பது கஷ்டம்.