பூமை அடக்கும் கயிறுகள்

சின்னப் பாய்மரப் படகில் முதல்முறை ஏறுகிறவரிடம் எல்லோரும் சொல்வது, "பூம் வரும், தலையைக் குனிந்துகொள்ளுங்கள்" என்பதுதான். பாய்மரத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து பின்னோக்கிக் கிடையாக நீளும் கம்பத்துக்குப் பூம் என்று பெயர். பாயின் கீழ்விளிம்பை விரித்துப் பிடிப்பது அதன் வேலை. டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. அங்கே அதற்கு மரம் என்று பொருள். நிற்பதைத் தமிழில் பாய்மரம் என்கிறோம். பூம், அதனோடு மூட்டுப் போட்ட இன்னொரு மரம்.

அந்த மூட்டில்தான் விஷயம் தொடங்குகிறது. கதவின் கீல் ஒரு திசையில் மட்டும் திரும்பும். பூமின் மூட்டோ, பக்கவாட்டிலும் திரும்பும், மேலும் கீழும் திரும்பும். பூம் எவ்வளவு வெளியே போகிறது என்பதை மட்டும் கவனித்து, எவ்வளவு மேலே எழும்புகிறது என்பதை மறந்துவிடுவதுதான் புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு என்பேன். காற்று பாயை நிரப்பும்போது பாயின் பின்விளிம்பு விறைத்து, பூமின் முனையை மேலே இழுக்கிறது. அதைக் கீழே பிடிக்க ஏதாவது வேண்டும்.

பூமைக் கட்டுப்படுத்தும் முக்கியமான கயிறு மெயின்ஷீட். ஷீட் என்றதும் துணி என்று தோன்றும். இங்கே அது கயிறுதான். இந்த ஒரே கயிறு இடத்துக்கு ஏற்ற மாதிரி வேறு வேறு வேலை செய்கிறது. காற்றை நோக்கி நெருங்கி ஓட்டும்போது பூம் படகின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். மெயின்ஷீட் அதற்கு நேர் கீழே, கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும். அப்போது கயிற்றை இழுத்தால் பூம் உள்ளே வருவதைவிடக் கீழே இறங்குவதுதான் அதிகம்; பாயின் பின்விளிம்பு இறுகுகிறது. சரி, படகைத் திருப்பிக் காற்றைப் பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ வாங்குகிறோம், கயிற்றைத் தளர்த்துகிறோம், பூம் வெளியே போகிறது. இப்போது அதே கயிறு சாய்ந்து கிடையாகிவிடும். அது பூமை உள்நோக்கி மட்டுமே இழுக்கும். கீழ்நோக்கி இழுக்க அதனிடம் விசை இல்லை. பூம் மேலே எழும்ப, பாயின் மேல்பகுதி முறுக்கிக்கொண்டு காற்றை வீணாக வெளியே விடும்.

இங்கேதான் வேங் வருகிறது. பாய்மரத்தின் அடியிலிருந்து பூமின் முன்பகுதிக்குச் சாய்வாகப் போகும் கயிறும் கப்பியும் சேர்ந்த அமைப்பு அது. பூமோடு சேர்ந்தே திரும்புவதால், பூம் எந்தக் கோணத்தில் நின்றாலும் வேங் அதைக் கீழ்நோக்கிப் பிடித்திருக்கும்.

ஆனால் அது நிற்கும் இடம் வசதியான இடம் இல்லை. பூம் 3 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். பின்விளிம்பு அதன் முனையை 30 கிலோ அளவுக்கு மேலே இழுக்கிறது. வேங் மூட்டிலிருந்து 75 சென்டிமீட்டரில், அதாவது நாலில் ஒரு பங்கு தூரத்தில் கட்டப்பட்டிருக்கிறது. நெம்புகோல் கணக்குப்படி அங்கே கீழ்நோக்கி 120 கிலோ வேண்டும். கயிறோ 45 பாகை சாய்ந்திருக்கிறது, ஆகவே கயிற்றில் வரும் இழுவிசை ஏறக்குறைய 170 கிலோ! கை ஒன்றால் அதை இழுக்க முடியாது. அதனால்தான் சின்னப் படகிலும் வேங்குக்கு அத்தனை கப்பிகள். 8 மடங்கு கப்பி அமைப்பு இருந்தால், உராய்வை விட்டுப் பார்த்தால், 21 கிலோ இழுத்தால் போதும். அதற்கு விலை, 8 சென்டிமீட்டர் கயிறு இழுத்தால் 1 சென்டிமீட்டர்தான் இறுகும்.

அப்படியானால் முறுக்கே இல்லாமல் இறுக்கிவிடலாமா? கூடாது. நீர்ப்பரப்புக்குப் பக்கத்தில் உராய்வால் காற்று மெதுவாக வீசும், மேலே வேகமாக. படகு உணரும் காற்று என்பது வீசும் காற்றும் படகின் ஓட்டமும் சேர்ந்தது. மேலே வீசும் காற்றின் பங்கு கூடுவதால், பாயின் உச்சியில் அது சற்றுப் பின்னாலிருந்து வருவதுபோல இருக்கும். எனவே உச்சி கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருக்க வேண்டும். எவ்வளவு என்பதற்கு ஓட்டுகிறவர்கள் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள்: பூமுக்கு அடியிலிருந்து மேலே பாருங்கள். பாயின் உச்சியில் செருகியிருக்கும் பட்டை பூமுக்கு ஏறக்குறைய இணையாக இருந்தால், தொடங்குவதற்கு அது போதும்.

வேங்கை அளவுக்கு மீறி இறுக்குவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பலமான காற்றில் படகு சாயும்போது, கீழே இறுக்கிய பூமின் முனை தண்ணீரில் முட்டும். பிறகு மெயின்ஷீட்டை எவ்வளவு விட்டாலும் பூம் வெளியே போகாது, பாய் காற்றைக் கொட்டாது, படகு கவிழும். அந்த நொடியில் வேங்கை விடுவித்தால் பூம் எழும்பும், படகு நிமிர வழி கிடைக்கும். மெயின்ஷீட்டைக் கட்டிவிடாமல் கையிலேயே வைத்திருக்கச் சொல்வதும் இதே அக்கறையால்தான்.

இனி, தலையைக் குனியச் சொன்ன காரணத்துக்கு வருவோம். பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக இரண்டு வழிகள். படகின் முன்முனை காற்றின் ஊடாகத் திரும்பினால் அது டேக். அப்போது பாய் கொடிபோலப் படபடக்கும், விசை இழந்துவிடும், பூம் சாதுவாகத் தாண்டும். பின்முனை காற்றின் ஊடாகத் திரும்பினால் ஜைப். இதில் பாய் கடைசி நொடி வரை நிரம்பியே இருக்கும். காற்று பின்விளிம்பின் மறுபக்கத்தைத் தொட்டதும் முழுப் பாயும் ஒரேயடியாகப் புரளும். வெளியே விரிந்து நின்ற பூம் அரைவட்டத்துக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தை வேகம் சேர்த்துக்கொண்டே கடந்து வரும்.

இது அனுபவமில்லாதவர்களுக்கு மட்டும் வரும் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் பந்தயத்தை 1964-லும் 1976-லும் வென்ற பிரெஞ்சு மாலுமி எரிக் தபார்லி, 1998 ஜூனில் ஐரிஷ் கடலில் இரவு நேரத்தில் இறந்தார். அவரை அடித்துக் கடலில் தள்ளியது பூம் அல்ல, பழைய வகைப் பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் கம்பம். ஆனால் பாயோடு சேர்ந்து வீசும் எந்தக் கம்பமும் எப்படிப்பட்டது என்பதற்கு அது போதும்.

எதிர்பாராத ஜைப் வரும் முன் அறிகுறி தெரியும். முன்பாய் தொய்ந்து மறுபக்கம் போகப் பார்க்கும், பூம் லேசாகத் துள்ளும், கையில் மெயின்ஷீட்டின் கனம் குறையும். உடனே படகைப் பழைய பக்கமே திருப்பிவிட வேண்டும். நாமே ஜைப் செய்வதென்றால், முதலில் மெயின்ஷீட்டை இழுத்துப் பூமை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், அப்புறம் திருப்ப வேண்டும், பாய் தாண்டியதும் கயிற்றைச் சட்டென்று விட வேண்டும். விடத் தாமதித்தால் படகு காற்றை நோக்கித் தானாகத் திரும்பிச் சாய்ந்துவிடும்.

பயந்தால் வேகத்தைக் குறைக்கத் தோன்றும். ஜைப்பில் அது தலைகீழ். 15 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) காற்றில் அதே திசையில் 5 நாட் வேகத்தில் ஓடினால் பாய் உணர்வது 10 நாட்தான். விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே படகு நின்றுபோனால் பாயின் மேல் அழுத்தம் 2.25 மடங்காகிறது. அலையின் சரிவில் படகு வேகமாக இறங்கும் நேரமே பூமை மறுபக்கம் அனுப்ப ஏற்ற நேரம்.