ஃபர்ம்வேர் என்றால் நிலைப்பொருளா?

ரூட்டர், கைப்பேசி பற்றிய தமிழ்க் குறிப்புகளில் ‘நிலைப்பொருளைப் புதுப்பிக்கவும்’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. நிலையாக இருப்பதை எதற்குப் புதுப்பிக்க வேண்டும்?

ஃபர்ம்வேர் என்ற சொல்லை 1967-இல் டேட்டாமேஷன் என்ற கணினி இதழில் கணினி வல்லுநர் ஆஷர் ஆப்லர் எழுதினார். ஹார்ட்வேருக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவே நிற்பது, அவ்வளவுதான். அவர் குறித்தது செயலிக்குள் (பிராசசருக்குள்) ஏற்றி, அதன் கட்டளைகளை நடத்தும் நுண்நிரலை. பிறகு, சாதனத்தின் சில்லில் இருந்தபடியே அதை எழுப்பி இயக்கும் நிரல் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் பரவியது.

ரோம் (ROM) என்னும், படிக்க மட்டுமேயான நினைவகத்தில் எழுதியது அழியாது, அதனால்தான் ‘நிலை’ என்பார்கள். சரி, ஒரு காலத்தில் ஈப்ராம் என்ற ரோம் வகைச் சில்லைக் கழற்றிப் புற ஊதா ஒளியில் காட்டித்தான் அழிக்க முடிந்தது. ஆனால் ஆப்லர் மனத்தில் வைத்திருந்ததே மாற்றி எழுதக்கூடிய நினைவகம். வன்மைக்கும் மென்மைக்கும் இடைப்பட்ட இறுக்கத்தைத்தான் ‘ஃபர்ம்’ சொல்கிறது, மாறாமையை அல்ல. சில்லைக் கழற்றாமலே அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் நினைவகம் வந்த பிறகு அந்தச் சாக்கும் போயிற்று. லிங்க்சிஸின் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டருடைய மூலநிரல் 2003-இல் வெளியானது. அதைப் பிடித்துக்கொண்டு 2004-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற, ரூட்டருக்கான மாற்று ஃபர்ம்வேர் கிளம்பியது. ரூட்டரை நோண்டுகிறவர்களின் பொழுதுபோக்கு முழுவதுமே இந்த ‘நிலை’யைக் கலைப்பதுதான்!

‘பொருள்’ இன்னொரு தொல்லை. மென்பொருள் ஊன்றிவிட்டது, அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் நிலைப்பொருள் என்று கேட்கும் புதியவர் ஏதோ கழற்றி மாட்டும் பாகம் என்றே நினைக்கிறார்.

என் ஓட்டு ‘சாதன நிரல்’ என்பதற்கு. டிரைவரைக் குறிக்கும் ‘சாதன இயக்கி’யோடு குழம்பாதா என்றால், குழம்பாது. இயக்கி கணினியின் இயங்குதளத்தோடு சேர்ந்தது. சாதன நிரல் அந்தச் சாதனத்துக்குள்ளேயே ஓடுவது. ‘உள்நிரல்’ கேட்க அழகுதான். ஆனால் எதற்கு உள்ளே?

மொழிபெயர்ப்பவர்கள் ஒருமுறையாவது ஒரு பழைய போனில் ‘ரோம்’ (போனை இயக்கும் நிரல் தொகுப்பையும் அப்படித்தான் சொல்வார்கள்) மாற்றிப் பார்த்துவிட்டு எழுதலாம். ஃபிளாஷ் செய்வதைப் ‘பளிச்சிடச் செய்தல்’ என்கிறார்கள். மொத்தமாக ஒரே வீச்சில் அழிப்பது கேமரா ஃபிளாஷை நினைவூட்டியதால் அந்த நினைவகத்துக்கு வந்த பெயர் அது. நாம் செய்வது நிரலைப் பதிப்பது. ‘சாதன நிரல் பதியும்போது மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்’ என்றால் யாருக்கும் புரியும். ‘நிலைப்பொருள் பளிச்சிடும்போது’ என்று எழுதினால், படிப்பவர் விளக்கு மின்னக் காத்திருந்து, மின்னாததால் சுவிட்சை அணைப்பார். அப்புறம் ரூட்டர் எதற்கும் உதவாத செங்கல்தான்.