கான்செப்ட் தானே, எதுல செஞ்சா என்னங்க?

மே மாதக் கோடை விழா நெருங்கினால் ஏற்காட்டு விடுதிகளிலிருந்தும், ஆண்டு விழா நேரத்தில் சேலத்துக் கல்லூரிகளிலிருந்தும் கலைப்பொருள் செய்யும் எங்கள் பட்டறைக்கு வருவது ஒரே மாதிரி ஆர்டர்தான். செல்போனில் ஒரு படம். "இதே மாதிரி வேணுங்க. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கட்டுப்படி ஆகலன்னா ஃபைபர்ல செஞ்சு குரோம் பெயின்ட் அடிச்சிடலாம். கான்செப்ட் ஆர்ட் (கருத்துக் கலை) தானே, எதுல செஞ்சா என்ன?" கண்காட்சி அமைக்கிற யாருக்கும் இது காது புளித்த கேள்வி. ஆனால் இந்த முறை, மிட்டாய்களைப் பசை போட்டுப் பலகையில் ஒட்டி, பக்கத்தில் "தொடாதீர்கள்" என்று அட்டையும் வைத்திருந்ததைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அந்த மிட்டாய்ப் படைப்பின் அசல், ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ்-டொரெஸ் என்ற கலைஞர் 1991-ல் செய்த மிட்டாய்க் குவியல். கியூபாவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்தவர். அவருடைய துணைவர் ராஸ் அதே ஆண்டு எய்ட்ஸில் இறந்தார். மூலையில் கொட்டும் மிட்டாய்க்கு ஃபெலிக்ஸ் குறித்த எடை 175 பவுண்டு, நம் கணக்கில் 79 கிலோவுக்குச் சற்று மேல். நல்ல உடம்போடு இருக்கும் ஓர் ஆளின் எடை. வருகிறவர் ஆளுக்கொன்று எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம். குவியல் மெலியும். திரும்ப நிரப்பலாம். படைப்பு முழுக்க அந்த எடுப்பதிலும் மெலிவதிலும்தான் இருக்கிறது. ஒட்டிவைத்த மிட்டாயில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

"கருத்துதான் முக்கியம், பொருள் முக்கியமில்லை" என்று எங்கிருந்தோ எல்லோரும் பிடித்துக்கொண்டு விட்டார்கள். பாதி உண்மை, அதனால்தான் இவ்வளவு கெடுதல். மோனா ஹட்டூம் என்ற கலைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். பாலஸ்தீனப் பெற்றோருக்கு பெய்ரூட்டில் பிறந்தவர். 1975-ல் லண்டன் போயிருந்தபோது லெபனானில் போர் மூண்டு அங்கேயே தங்கிப்போனார். 1996-ல் ஜெருசலேமில் சோப்புக்கட்டிகளைத் தரையில் அடுக்கி, இஸ்ரேலும் பாலஸ்தீனரும் செய்த ஓஸ்லோ ஒப்பந்தப்படி பாலஸ்தீனருக்குத் திரும்பவேண்டிய நிலத்தின் எல்லையைச் சிவப்பு மணிகளால் அதில் பதித்தார். அது பாலஸ்தீனத்து நாப்லஸ் ஊரில் ஆலிவ் எண்ணெயில் காய்ச்சுகிற சோப்பு. அந்த மண்ணின் தொழில் அது. தண்ணீர் பட்டால் கரையும், அதோடு அந்த எல்லைக்கோடும் கரையும். இதை மளிகைக்கடைத் துணி சோப்பில் செய்தால் மிஞ்சுவது ஒரு தரைக்கோலம்.

கலைஞர் யிங்கா ஷோனிபாரே கதையும் அதுதான். லண்டனில் பிறந்து நைஜீரியாவின் லாகோஸில் வளர்ந்தவர். அவர் பொம்மைகளுக்கு உடுத்தும் பளிச்சென்ற துணி ஆப்பிரிக்கத் துணி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மெழுகு வைத்துச் சாயமேற்றும் ஜாவாவின் பத்திக் துணியைப் பார்த்து டச்சுக்காரர்கள் ஆலையில் அடித்து மேற்கு ஆப்பிரிக்காவில் விற்ற சரக்கு அது. அவர் வாங்கியது லண்டன் பிரிக்ஸ்டன் சந்தையில். அந்தத் துணி வந்த வழியே அவருடைய கருத்து. அம்மாப்பேட்டையில் தறிகள் ஓடும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, "துணி எதுவா இருந்தா என்ன" என்று பாலியெஸ்டரில் டிஜிட்டல் பிரின்ட் போட்டுக்கொண்டு வருகிறார்கள்!

பொருளை மாற்றக்கூடிய படைப்புகளும் உண்டு. அமெரிக்கக் கலைஞர் சால் லெவிட்டின் சுவரோவியங்களை அவர் எழுதிவைத்த குறிப்பின்படி வேறு ஆட்கள்தான் வரைவார்கள். காட்சி முடிந்தால் சுண்ணாம்பு அடித்துவிடலாம். இத்தாலியக் கலைஞர் கட்டெலான் 2019-ல் சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம் அழுகினால் வேறு பழம். ஆனால் மாற்றலாம் என்று சொல்வது படைப்போடு வரும் சான்றிதழும் குறிப்புத் தாளும். உங்கள் பட்ஜெட் அல்ல.

அடுத்து எஸ்.எஸ். உருண்டை. மும்பையில் பிறந்து லண்டனில் வாழும் அனிஷ் கபூர் சிகாகோ பூங்காவில் வைத்த, பளபளப்பான மேகம் போன்ற சிற்பத்தைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். 168 தகடுகள், சுமார் 100 டன். 2004-ல் பூங்கா திறந்தபோது வெல்டிங் கோடுகள் தெரிந்தன; அதையெல்லாம் தேய்த்து மறைத்து 2006-ல்தான் முறைப்படி ஒப்படைத்தார்கள். செய்தவன் கையே தெரியாமல், கனமே இல்லாததுபோல நிற்கவேண்டும் என்பதுதான் அதன் உயிர். 1.2 மி.மீ. ஷீட்டைத் துண்டு துண்டாக ரிவெட் அடித்தால் அது தண்ணீர்த் தொட்டி. பொது இடத்துச் சிற்பத்தைப் புகைப்படம் எடுக்க, வரைய நம் பதிப்புரிமைச் சட்டம் விடும். இன்னொரு சிற்பமாக நகலெடுக்க விடாது. அதையும் யாரும் கேட்பதில்லை.

சொந்த வடிவம் செய்கிறீர்களா, சந்தோஷம். உருக்காலை இருக்கிற ஊர், கிரேடு (304, 202 என்று வரும் தர எண்) கேட்டு வாங்குங்கள். "காந்தம் ஒட்டலை, அப்ப 304 தான்" என்பது பொய். 202-லும் காந்தம் ஒட்டாது. நிக்கல் குறைவு, மலைப்பனியில் சீக்கிரமே செம்புள்ளி விழும். ஆலை தந்த சோதனைச் சான்றை வாங்கி, அதிலுள்ள ஹீட் நம்பர் (அந்த உருக்குத் தொகுதியின் எண்) தகட்டில் இருக்கிறதா பாருங்கள். சாதா இரும்பைத் தேய்த்த கிரைண்டிங் வீலை எஸ்.எஸ்.மேல் வைக்காதீர்கள், ஒட்டிக்கொண்ட இரும்புத்துகள்தான் பிறகு துருவாகத் தெரியும். குழிந்த கண்ணாடிப் பரப்பு வெயிலைக் குவிக்கும், காய்ந்த புல் பக்கம் வேண்டாம்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். புலம்பெயர்வு என்றதும் பழைய சூட்கேஸ், உலக வரைபடம், முள்கம்பி. போதும் கண்ணுகளா. சேலம், திருச்சிப் பக்கமிருந்து ஆள்பிடிக்கும் கங்காணியோடு இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கடன் தொகையை எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அது இல்லாமல் கூலியாள் தோட்டம் மாற முடியாது, 1921-ல்தான் ஒழிந்தது. ஒரு மனிதனைக் கட்டிப்போட்ட காகிதம் உங்கள் மாவட்டத்து வரலாற்றிலேயே கிடக்கிறது. யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனன், இடம்பெயர்ந்தவர்கள் நினைவிலிருந்து வரைந்த வீட்டுப் படங்களைச் சேர்த்து 2011-ல் ஒரு தொகுப்பாக்கினார். கட்டடக் கலைஞரின் நேர்த்தியான வரைபடத்தின் பக்கத்திலேயே அவர்கள் போட்ட கோணல் கோடும் இருக்கும். அந்தக் கோணலை யாராவது நேராக்கியிருந்தால் வீடே போயிருக்கும்.

சூட்கேஸ்தான் தொங்கவிடுவேன் என்றால், ஃபால்ஸ் சீலிங் சேனலில் கட்டாதீர்கள். கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட், தொங்கும் எடையைப்போல் ஐந்து மடங்கு தாங்குகிற கம்பிக்கயிறு, அதோடு தனியாக ஒரு காப்புக்கயிறு. ஏற்காட்டுப் பழைய பங்களாக்களில் ஓட்டுக்கூரை ரீப்பரில் ஆணி அடிக்கவே கூடாது. கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு உத்திரத்தில் கட்டுங்கள்.

மிட்டாய்க்கு மலையில் சூடு வைத்து ஒட்டிய உறைதான் சரி, முறுக்கிச் சுற்றிய காகிதம் ஈரம் இழுக்கும். எறும்புக்கு சாக்பீஸ் கோடு போடாதீர்கள். அது பூச்சிமருந்து, குழந்தைகள் எடுத்துத் தின்கிற பொருள் பக்கத்தில் இருக்கிறது.

தரையில் பள்ளம், இருட்டறை என்றால் தடுப்பு வேண்டும். கபூரின் எட்டடிக் கருங்குழிக்குள் 2018-ல் போர்ச்சுகலில் ஒருவர் விழுந்தே போனார். அங்கே எச்சரிக்கைப் பலகையும் இருந்தது, ஆளும் நின்றிருந்தார். கல்மாவு பரப்பி நடக்கவிடுவதும் வேண்டாம். சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010-ல் லண்டன் டேட் மாடர்ன் காட்சியகத்தில் கொட்டிய 10 கோடிப் பீங்கான் விதைகள்மேல் நடப்பதைத் தூசிக்காகச் சில நாளிலேயே நிறுத்தினார்கள்.

அடுத்த முறை பட்டறைக்கு வரும்போது செல்போன் படம் வேண்டாம், ஒரு தாள் எழுதிக்கொண்டு வாருங்கள். எந்தப் பொருள், அதுவே ஏன், எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது, பார்ப்பவர் தொடலாமா, எடுக்கலாமா, தீர்ந்தால் யார் நிரப்புவது, காட்சி முடிந்தபின் என்ன செய்வது. விலை அதற்கப்புறம் பேசுவோம்.