போப்பிடம் யார் பேசுவார்?

மனநல ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்கள் ‘எனக்குத் தனிமையாக இருக்கிறது’ என்று ஆரம்பிப்பது அபூர்வம். பெரிய பொறுப்பில் இருப்பவர்கள் வாயில் அந்தச் சொல் வரவே வராது. தூக்கமில்லை, எரிச்சலாக வருகிறது, கூட இருப்பவர்கள் சரியில்லை என்பார்கள். அவர்கள் வீட்டாரிடம் ‘தி யங் போப்’ தொடரைப் பார்க்கச் சொல்வேன்.

பாவ்லோ சொரெண்டினோ இயக்கி 2016-ல் வந்தது, பத்துப் பகுதிகள். ஜூட் லா நடிக்கும் லென்னி பெலார்டோ, சிறுவயதில் பெற்றோர் அனாதை இல்லத்தில் விட்டுப்போன பிள்ளை. முதல் அமெரிக்க போப்பாகி, பதின்மூன்றாம் பயஸ் என்று பெயர் வைத்துக்கொள்கிறார். (அன்று அது கற்பனை. 2025-ல் பதினான்காம் லியோ நிஜமாகவே வந்துவிட்டார்.)

தொடக்கத்திலேயே, சமையல் பார்க்கும் வயதான கன்னியாஸ்திரீ ஒருவர் அவரிடம் உரிமையோடு பாசம் காட்டிவிடுகிறார். போப்புக்கு முகம் இறுகிவிடுகிறது. நெருக்கம் ஆபத்து, முறையோடு நில்லுங்கள் என்கிறார். திமிர் என்று தோன்றும். எனக்கோ, மறுபடி யாரும் விட்டுப்போகுமுன் தானே கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளை தெரிகிறது. மக்களுக்கு முகம் காட்ட மறுப்பதும் அதே கதைதான். அப்புறம், பாவசங்கீர்த்தனம் (செய்த பாவங்களைக் குருவிடம் ரகசியமாகச் சொல்வது) கேட்கும் தொம்மாசோ சாமியாரிடம், போப்புக்கு அடுத்த நிலையிலுள்ள கர்தினால்களின் ரகசியங்களைக் கறக்கிறார். அந்த ரகசியத்தை வெளியிடும் குருவுக்குத் திருச்சபைச் சட்டப்படி சபைநீக்கமே தண்டனை. மனம் திறக்க இருந்த ஒரே இடத்தையும் ஒற்றுக்கேட்கும் இடமாக்கிவிட்டால், அந்த மனிதர் பிறகு யாரிடம் அழுவார்?

நிஜத்தில் லியோவுக்கு முன் போப்பாக இருந்த பிரான்சிஸ் வேறு மாதிரி. 2013-ல் பதவியேற்றதும் அரண்மனை மாடிக்குப் போகாமல் வத்திக்கானின் சாந்தா மார்த்தா விருந்தினர் விடுதியிலேயே தங்கிவிட்டார். ஏன் என்று மாணவர்கள் கேட்டபோது, மனநலக் காரணம்தான், தனியாக இருக்க முடியாது என்றார். 42 வயதில் உளப்பகுப்பாய்வு நிபுணரிடம் போனதையும் மறைக்கவில்லை. எங்கள் விளம்பரப் பலகைகளைவிட அது பெரிய உதவி.

உங்கள் பங்குத்தந்தையோ முதலாளியோ தலைமையாசிரியரோ, எல்லாருடனும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டால், மறுத்துப் பேசுபவரையெல்லாம் துரோகி என்றால், அவருக்குக் கீழே வேலை செய்யாத ஒரு பழைய நண்பரை அழைத்து வாருங்கள். தூக்கமின்மை இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘உனக்கு மனசு சரியில்லை’ என்றால் வரமாட்டார். தூக்கத்துக்காக என்று சொல்லுங்கள், வருவார். மீதியை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.