வைஃபை வருது, லேன் மட்டும் வரலன்னா ஃபார்மட் போடாதீங்க

ஐப்பசி பொறந்துட்டா போதும், எனக்கு போன் ஓயாது. மன்னார்குடில கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன், கோட்டூர், நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி வரைக்கும் பைக்லதான் போயிட்டு வருவேன். ராத்திரி இடி மின்னலோட மழை கொட்டுனா காலைல ஏழு மணிக்கே ஆரம்பிச்சுடும், "தம்பி, நெட்டு வரல".

போன வருஷம் அப்படிதான் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கூப்ட்டாரு. கம்ப்யூட்டர ஏற்கனவே வேற ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போயி, அவங்க ஃபார்மட் போட்டு விண்டோஸ் புதுசா ஏத்தி, அப்பவும் நெட்டு வராம, கடைசில மதர்போர்டு போச்சு சார்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். நான் கேட்ட மொத கேள்வி, "சார், போன்ல வைஃபை வருதா?" "அதெல்லாம் ஜோரா வருது தம்பி, பேரன் வீடியோதான் பாத்துட்டு இருக்கான்."

அப்ப பாதி வேலை முடிஞ்சுது. போன்ல வருதுன்னா கம்பத்துலேர்ந்து வர்ற லைனும் சரி, சுவத்துல மாட்டிருக்குற, வைஃபை குடுக்குற பைபர் டப்பாவும் கிட்டத்தட்ட சரி, பழுது டப்பாவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுலதான். போன்லயும் வரல, டப்பால லாஸ்னு போட்ட லைட்டு செவப்பா எரியுதுன்னா பைபர் எங்கயோ அந்துருக்கு, நெட்டு கனெக்சன் குடுத்தவங்களுக்கு போன் பண்ணுங்க, கம்ப்யூட்டர தொடவே வேணாம்.

அடுத்து சிபியூ பின்னாடி லேன் ஒயர், அதான் டப்பாலேர்ந்து கம்ப்யூட்டருக்கு நெட்டு கொண்டு வர்ற ஒயர், குத்துற ஓட்டைய பாக்க சொன்னேன். அங்க பொடிசா ஒண்ணு ரெண்டு லைட்டு இருக்கும், பச்சையோ ஆரஞ்சோ, ஒண்ணு மினுக்கிட்டே இருக்கும். சார் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு "செத்துக் கெடக்கு தம்பி"ன்னாரு. நேர்ல போயி, கம்ப்யூட்டர ஆஃப் பண்ணி, பவர் ஒயரயும் புடுங்கிட்டு, பவர் பட்டன அரை நிமிஷம் அமுக்கிப் புடிச்சு திரும்பப் போட்டேன். சில சமயம் லேன் சிப்பு மக்கர் பண்ணி உறைஞ்சு நின்னுருக்கும், இதுக்கே முழிச்சுக்கும். இங்க முழிக்கல. அதே ஒயர பேரனோட லேப்டாப்ல குத்துனா நெட்டு பறக்குது. ஒயர் நல்லாருக்கு, கம்ப்யூட்டர்ல லேன் போர்ட்டு மட்டும் செத்துருக்கு. அதுக்கு மதர்போர்டு எதுக்குங்க? யூஎஸ்பில மாட்டுற லேன் அடாப்டர் சில நூறு ரூபாதான், மாட்டுன உடனே வந்துடுச்சு. ஃபார்மட்ல போன அவரோட பழைய போட்டோதான் வரல.

போர்ட்டு ஏன் செத்துச்சுன்னு சார் வுடாம கேட்டாரு. "பைபர் கண்ணாடிதானே தம்பி, அதுல கரண்ட் வராதே, இடி இடிச்சப்ப கம்ப்யூட்டர் பிளக்க வேற புடுங்கிட்டேனே?" நியாயமான கேள்விதான். கண்ணாடில வராது, ஆனா அந்த பைபர் டப்பா கரண்ட்லதான ஓடுது. பக்கத்துல எங்கயோ மின்னல் எறங்குனா கரண்ட் லைன்ல அதிர்ச்சி வரும், அது டப்பாவோட அடாப்டர் வழியா உள்ள நொழைஞ்சு, அங்கேர்ந்து லேன் ஒயர்ல இருக்குற செம்புக் கம்பி வழியா கம்ப்யூட்டருக்கு வந்துடும். நீங்க முன்வாசல பூட்டிட்டு கொல்லைய தொறந்து போட்ட கதைதான். மாடிக்கோ பக்கத்து வீட்டுக்கோ வெட்டவெளில நீளமா இழுத்த ஒயர்னா இன்னும் மோசம், மின்னல் அதுலயே நேரா தூண்டிவுடும். அதனால இடி இடிச்சா கம்ப்யூட்டர் பிளக்கு, டப்பாவோட பிளக்கு, லேன் ஒயரு மூணையும் கழட்டணும், அதயும் மழை வர்றதுக்கு முன்னாடியே, மின்னல் தலைக்கு மேல வந்தப்புறம் போயி ஒயர தொடாதீங்க.

லைட்டு எரியுது ஆனா நெட்டு வரலன்னா அது வேற கதை. விண்டோஸ் பட்டனோட ஆர் (R) அமுக்கி சிஎம்டி (cmd) அடிச்சு எண்டர் தட்டுனா கருப்பு ஜன்னல் வரும், அதுல ஐபிகான்ஃபிக்னு (ipconfig) அடிச்சு எண்டர் தட்டுங்க. ஐபிவி4 அட்ரஸ்னு ஒரு நம்பர் வரும். பெரும்பாலும் 192.168ல ஆரம்பிச்சா டப்பா நம்பர் குடுத்துடுச்சுன்னு அர்த்தம். 169.254ல ஆரம்பிச்சா கம்ப்யூட்டர் கேட்டு கேட்டுப் பாத்து, பதிலே வராம, தனக்குத் தானே ஒரு நம்பர் போட்டுக்கிட்டு உக்காந்துருக்கு. நான் அத அநாதை நம்பர்னு சொல்லுவேன். டப்பாவ ஆஃப் பண்ணி போடுங்க, ஒயர டப்பாவுல வேற ஓட்டைல குத்துங்க, அப்பவும் அநாதையாவே இருந்தா ஒயர சந்தேகப்படுங்க.

ஒயர்னு சொன்னேன்ல, நான் அதிகமா மல்லுக்கட்டுறது அதோடதான். நீடாமங்கலத்துல ஒரு டியூசன் சென்டர்ல ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் நெட்டு வரும், போவும், வரும், போவும். ஒயர் டெஸ்டர மாட்டுனா ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் எல்லா லைட்டும் வரிசையா எரியுது, ஒயர் சூப்பர்ங்குது. நானும் நம்பி, லேன் போர்ட்ட ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர மாத்துனேன், ரெண்டு நாள் வீணாப் போச்சு. கடைசில லேன் ஒயர் முனைல இருக்குற பிளக்க வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா, எலக்ட்ரீசியன் கலர் ஜோடி ஜோடியா அழகா அடுக்கி அடிச்சிருக்காரு, ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி. பாக்க லட்சணமா இருக்கும், ஆனா தப்பு. வரிசை ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். ஒயருக்குள்ள எட்டு கம்பியும் ரெண்டு ரெண்டா முறுக்கிருக்கும், மூணாவது கம்பியும் ஆறாவது கம்பியும் ஒரே முறுக்குல வரணும், அதுக்குத்தான் பச்சைய பிரிச்சு நீலத்த நடுவுல வுடுறது. ரெண்டு முனைலயும் ஒரே மாதிரி தப்பா அடிச்சா டெஸ்டருக்குத் தெரியாது, ஆனா முறுக்கு மாறிட்டதால ஒரு கம்பில போறது இன்னொண்ணுல ஒளறும், சின்ன ஒயர்ல ஓடிடும், நீளமானா தடுமாறும். ரெண்டு பிளக்கையும் வெட்டிட்டு புதுசா அடிச்சேன், அன்னையோட அந்தத் தொல்லை நின்னுடுச்சு.

எலி கடிச்சதும் நெறைய வரும், அறுப்பு முடிஞ்சு வயல்ல தீனி போனா வீட்டுக்குள்ளதான வரும். வேதாரண்யம் பக்கம்னா உப்புக் காத்துல பிளக்குப் பல்லுல களிம்பு புடிச்சுக்கும். ஒயர் வாங்குறப்ப அலுமினியத்துல செம்பு பூசுனது வேணாம், முழு செம்பு கேட்டு வாங்குங்க, விலை கூடத்தான். நெட்டு வேகம் 94, 95 எம்பிபிஎஸ்லயே நின்னு மேல ஏறலன்னாலும் ஒயரப் பாருங்க, 100 எம்பிபிஎஸ்க்கு நாலு கம்பி போதும், 1000த்துக்கு எட்டும் நல்லாருக்கணும்.

இதெல்லாம் சரியா இருந்து அப்பவும் வரலன்னாதான் சாஃப்ட்வேர் பக்கம் போவேன். அடாப்டர் டிசேபிள் ஆயிருக்கா, யாராச்சும் அந்த ஐபி நம்பர கையால போட்டு வச்சிருக்காங்களா, விபிஎன், ஆன்டிவைரஸ் எதாச்சும் மறிக்குதா, அப்பறம் விண்டோஸ் செட்டிங்ஸ்லயே நெட்வொர்க் ரீசெட் இருக்கு. ஃபார்மட் எல்லாம் கடைசிக்கும் கடைசி.

வாத்தியார் சொன்னத அப்படியே கேக்குற ஆளு. கம்ப்யூட்டர் மேசைக்கு மேல ஒரு ஆணி அடிச்சிருக்காரு, வானம் கருத்தா லேன் ஒயர கழட்டி அதுல மாட்டிடுவாரு. மறுநாள் காலைல ஏழு மணிக்கு போன் வரும். "தம்பி, நெட்டு வரல." "சார், ஆணியப் பாருங்க."